மூதறிஞரும் காந்தி ஆசிரமமும்

ஊர்தோறும் பூங்காக்களும் மன்றங்களும் சான்றோர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அப்பெயர்களை நாள்தோறும் கூறும் நாம், அவற்றின் வரலாற்றை ஆராய்வது அரிது. நாமக்கல் மாவட்டத்தில், மல்லசமுத்திரம் உள்ளிட்ட திருச்செங்கோட்டு வட்டாரத்தில், புதுப்பாளையம் என்னும் சிற்றூர் உளது. ஆங்கே காந்தியடிகளின் பெயரால் ஓர் ஆசிரமம் விளங்குகிறது. அதனை நிறுவியவர் மூதறிஞர் இராஜாஜி ஆவார்.

இராஜாஜி 1878ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள், ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். பெங்களூரிலும் சென்னையிலும் கல்வி பயின்று, 1900ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். கூரிய அறிவும் சுருங்கச் சொல்லும் திறனும் அவருக்குப் புகழையும் பெரும்பொருளையும் ஈட்டித் தந்தன. 1917ஆம் ஆண்டில் அவர் சேலம் நகராட்சித் தலைவரானார். பின்னர்க் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டு, வளம் கொழித்த அத்தொழிலைத் துறந்தார், சிறையும் புகுந்தார்.

சிறையினின்று மீண்டவர் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. நாடு விடுதலை பெற்றாலும், உண்ண உணவும் உடுக்க உடையுமின்றி வாடும் உழவர்க்கு அதனாற் பயன் என்னை? இவ்வினாவிற்கு விடை தேடியே அவர் நகரவாழ்வை நீத்துச் சிற்றூரை நாடினார். புதுப்பாளையத்துச் செல்வர் இரத்தினசபாபதிக் கவுண்டர் நிலம் உதவினார். 1925ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6ஆம் நாள் ஆசிரமம் தொடங்கப்பெற்றது. மனைவியை முன்னரே இழந்திருந்த இராஜாஜி, தம் மக்களாகிய நரசிம்மனுடனும் இலக்குமியுடனும் ஆங்கு ஒரு சிறு வீட்டில் குடிபுகுந்தார். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களிலேயே காந்தியடிகள் அங்கு வருகை புரிந்தார்.

அந்நாளில் அவ்வட்டாரம் மழையின்றி வறண்டு கிடந்தது. ஆசிரமத்தார் பெண்டிர்க்குப் பஞ்சினை அளித்தனர். அவர்கள் நூற்றுக் கொணர்ந்த நூலுக்குக் கூலி கொடுத்தனர். அந்நூலை நெசவாளர் ஆடையாக்கினர். இவ்வாறு இராட்டினம் பல குடும்பங்களின் அடுப்பை எரியச் செய்தது. நோயுற்றோர்க்கு மருந்தும் வழங்கப்பெற்றது.

எனினும் அப்பணி எளிதாய் இருந்ததன்று. ஒடுக்கப்பட்ட குலத்தினரையும் ஆசிரமத்தில் சேர்த்து, அனைவரும் ஒருங்கே உண்டு உறையுமாறு இராஜாஜி செய்தார். சாதிக் கட்டுப்பாட்டில் ஊறிய அக்காலத்தில் இஃது எளிதில் ஏற்கப்படவில்லை. ஊராரின் ஆதரவின்றி ஆசிரமம் வாழாது; கொள்கையைக் கைவிடின் அது வாழ்ந்தும் பயனில்லை. இவ்விரண்டிற்குமிடையே நின்ற இராஜாஜி, கொள்கையையே பற்றி நின்றார். சினமின்றிச் செய்த தொண்டே ஊராரின் உள்ளத்தை மெல்ல மெல்லக் கனியச் செய்தது.

உழைத்துப் பெற்ற கூலி கள்ளுக்கடையில் கரைவதையும் அவர் கண்டார். எனவே மதுவின் தீமையை உணர்த்த, 1929ஆம் ஆண்டில் விமோசனம் என்னும் இதழைத் தொடங்கினார். எழுத்தாளர் கல்கி அதற்குத் துணைநின்றார். 1937ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் முதலமைச்சரான இராஜாஜி, அக்டோபர் முதல் நாளன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். புதுப்பாளையமும் அந்நாளில் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. கள் வருவாய் குறைந்தமையால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய, 1939ஆம் ஆண்டில் விற்பனை வரி விதிக்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே கோயில் நுழைவுக்கும் சட்டம் வழிவகுத்தது. சிற்றூரில் விதைத்தது மாகாணத்தில் விளைந்தது எனலாம்.

1948ஆம் ஆண்டில் அவர் இந்தியாவின் தலைமை ஆளுநராய் உயர்ந்தார். அவருடைய அரசியல் முடிவுகள் சிலவற்றை ஏற்காதாரும் பலர் உளர். ஆயினும் அவருடைய எளிமையை மறுப்பார் இலர். 1972ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25ஆம் நாள் அவர் மறைந்தார்.

மாணவர்களே! இராஜாஜி தாம் நிறுவிய ஆசிரமத்திற்குத் தம் பெயரைச் சூட்டவில்லை. தம் தலைவர் பெயரையே சூட்டினார். எனினும் புதுப்பாளையத்தை நினைப்பார் அவரையும் நினையாதிரார். பெயரைப் பொறிப்பதினும் பணியைப் பொறிப்பதே நிலைத்த புகழாகும் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.