நுரையீரல் நாடியை ஆராய்ந்த ஆயர்

பசறை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில், ஏற்றம் ஏறுகையில் நாலு அடி வைத்ததும் குந்திக்கொள்ளும் பிள்ளையை நீங்கள் கண்டிருக்கக்கூடும். அழுதால் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். பேய்க்குற்றம் என்று கோடாங்கியிடம் போவோரும் உண்டு. போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி பிறவியிலேயே ஒடுங்கியிருந்தால் இப்படி வரும். குந்தும்போது கால்களுக்கு ஓடும் இரத்தம் தடைப்பட்டு, நுரையீரலுக்குச் சற்றுக் கூடுதலாகப் போகும். யாரும் சொல்லிக்கொடாமலே பிள்ளை இதை அறிந்துகொள்கிறது!

இக்கோளாறை முதலில் எழுதிவைத்தவர் பின்னாளில் கத்தோலிக்க ஆயரானார் என்பது உங்களுக்குத் தெரியுமா? அவர்தான் முத்திப்பேறு பெற்ற நிக்கோலாஸ் ஸ்டெனோ.

1638இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில், லூத்தரன் பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 22 வயதில் ஆட்டுத்தலையொன்றை அறுத்து ஆராய்ந்து, கன்னத்து உமிழ்நீர்க் குழாயைக் கண்டார். இருதயத்தை உடற்சூட்டின் அடுப்பென்று படித்தவர்களே நம்பிய காலத்தில், அது தசையே என்று 1664இல் எழுதினார்.

பாரிஸில், பிறவாமலே இறந்த சிசுவொன்றை ஆராய்ந்தார். நுரையீரல் நாடி குறுகியிருந்தது. இருதயத்தின் நடுச்சுவரில் துவாரம். பெருநாடி இரு அறைகளுக்கும் மேலாக நின்றது. நூல்களில் உள்ளபடி இல்லையென்று அவர் அதை ஒதுக்கிவிடவில்லை. அந்த இருதயத்தில் இரத்தம் எவ்வழியே ஓடியிருக்கும் என்றும் விளக்கினார். 1888இல் பிரெஞ்சு வைத்தியர் ஃபாலோ இதை விரிவாக எழுத, நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. 1944இல் பால்டிமோரில், கைக்குப் போகும் நாடியை நுரையீரல் நாடியுடன் இணைத்து முதற் சத்திரசிகிச்சை நடந்தது.

இன்று கொழும்பு லேடி ரிட்ஜ்வே வைத்தியசாலையில் இருதய சத்திரசிகிச்சைக்கு முன், பிள்ளையின் நாடிகளை எக்கோ கருவியால் பார்த்துக்கொள்கிறார்கள். ஏனெனில் இரு பிள்ளைகளின் நாடிகள் ஒன்றுபோலிரா. சிலருக்கு, இருதயத்தைப் போஷிக்கும் நாடியே வெட்டவேண்டிய இடத்துக்குக் குறுக்கே ஓடும். அறியாமல் வெட்டினால் உயிருக்கு ஆபத்து.

ஸ்டெனோ 1666இல் இத்தாலியின் லிவோர்னோவில் நற்கருணைப் பவனியைக் கண்டு மனங்கலங்கினார். அடுத்த ஆண்டு கத்தோலிக்கரானார். (மண்படிவுகளைப் பற்றி அவர் எழுதியது தனிக்கதை.) 1675இல் குருவானார், 1677இல் ஆயரானார். ஆராய்ச்சியைக் கைவிட்டது விஞ்ஞானத்துக்கு நட்டமே, அதை மறைப்பானேன்? வட ஜெர்மனியில் சிதறிக்கிடந்த சிறு மந்தையை மேய்த்தார். ஆயரின் மோதிரத்தையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார். 1686இல், 48ஆம் வயதில், ஷ்வெரின் நகரில் இறந்தார். உடல் புளோரன்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டு சான் லொரென்சோ ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1988இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்.