ஒளியின் வாழ்நாளை அளந்தவர்

சில கற்களை வெயிலில் வைத்துப் பின்னர் இருட்டறைக்குள் கொண்டு சென்றால், அவை தாமே ஒளி வீசும். அவ்வொளி சில பொருள்களில் நெடுநேரம் நிற்கும். சிலவற்றில் கண் இமைக்குமுன் அணைந்துவிடும். கண்ணிமைப் பொழுதையும் கைநொடிப் பொழுதையும் நம் இலக்கண நூலார் மாத்திரை என்னும் அளவாகக் கொண்டனர். அதனினும் நுண்ணிய பொழுதை அளப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு ஒரு கருவியால் விடை கண்டவர் எட்மண்ட் பெக்கரல் என்னும் பிரெஞ்சு அறிஞர்.

அவர் 1820 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24 ஆம் நாள் பாரிசு மாநகரிற் பிறந்தார். தந்தையார் அந்துவான் செசார் பெக்கரல் நெப்போலியனது படையிற் பணிபுரிந்தவர். பின்னர்ப் படைத்தொழிலை விடுத்து இயற்பியலை மேற்கொண்டார். 1838 இல் அவர் பாரிசு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற் பேராசிரியரானார். அப்பொழுது பதினெட்டு வயதினராயிருந்த எட்மண்ட், நாட்டின் உயர்ந்த கல்லூரிகள் இரண்டில் இடம் பெற்றிருந்தும், இரண்டையும் விடுத்துத் தந்தையாருக்கு உதவியாளராக அமர்ந்தார். பட்டத்தினும் ஆய்வுக்கூடத்தைப் பெரிதாக மதிக்கும் இத்துணிவு இளைஞரிடம் காண்டற்கரியது. அடுத்த ஆண்டே, கரைசலில் நின்ற உலோகத் தகட்டின்மீது ஒளி பட்டால் மின்னோட்டம் உண்டாதலை அவர் கண்டறிந்தார். இன்று கூரைகளின்மேல் விளங்கும் சூரிய மின்தகடுகளுக்கு அதுவே தோற்றுவாய்.

1852 இல் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஸ்டோக்ஸ், ஒளி படும்பொழுது மட்டும் சில பொருள்கள் ஒளிர்வதை ஆராய்ந்து, அதற்குத் தனிப்பெயர் இட்டார். அதனை உடனொளிர்வு என்போம். ஒளி நீங்கிய பின்னும் தொடர்வது நின்றொளிர்வு. பெக்கரலோ இவ்விரண்டும் ஒன்றே, கால அளவே வேறு என்று கருதினார். இது சொற்போரால் தீரும் வழக்கன்று; அளந்தே காட்டல் வேண்டும்.

அதன்பொருட்டு அவர் 1850 களின் பிற்பகுதியில் பாஸ்பரோஸ்கோப் என்னும் கருவியை அமைத்தார். ஒரே அச்சில் சுழலும் இரண்டு வட்டத் தகடுகள். அவற்றிற் சில துளைகள். இரண்டிற்கும் இடையே ஆராயத்தக்க பொருள். ஒரு தகட்டின் துளை வழியே ஞாயிற்றொளி பொருளின்மேற் படும்பொழுது, மற்றத் தகடு காண்பவர் கண்ணை மறைத்து நிற்கும். அத்துளை விலகி ஒளி அடைபட்ட பின்னரே காண்பவர் பக்கத்துத் துளை திறக்கும். ஆதலின் ஞாயிற்றொளி நேரே கண்ணை அடையாது. பொருள் தன்னிடத்துத் தேக்கிய ஒளியே புலப்படும். கைப்பிடியை மெல்லச் சுழற்றினால் இருள். விரைந்து சுழற்றச் சுழற்ற, அணையுமுன்னரே ஒளி அகப்படும். சுழற்சியின் விரைவைக் கணக்கிட்டால் இடைப்பட்ட பொழுது தெரியும். பற்சக்கரங்களின் துணையால் நொடியிற் பதினாயிரத்தில் ஒரு பங்களவு நுண்ணிய காலத்தையும் அவர் எட்டினார்.

கடிகாரமும் காட்டமாட்டாத பொழுதை வெறுந்தகடுகள் இரண்டு காட்டின! இருண்டவை என எண்ணப்பட்ட பல பொருள்கள் அப்பெட்டிக்குள் ஒளிர்ந்தன. மாணிக்கம் செவ்வொளி வீசியது. யுரேனிய உப்புகள் ஒளி மிக்கு விளங்கின. ஆயினும் கொயினா உப்பைக் கரைத்த நீர், எவ்வளவு விரைந்து சுழற்றினும் இருண்டே நின்றது. வழக்கு முற்றும் தீராமலே, 1891 மே 11 இல் பெக்கரல் காலமானார். அவர் ஆராய்ந்த யுரேனிய உப்புகளை மைந்தர் ஹென்றி கையாண்டு, 1896 இற் கதிரியக்கத்தைக் கண்டறிந்தார்.

1926 இல் பெர்லினில் அர்ச்செந்தீன நாட்டுக் கவியோலா வேறொரு முறையால் உடனொளிர்வின் காலத்தை அளந்தார். கொயினா நீரின் ஒளி, நொடியில் ஏறத்தாழ ஐந்து கோடியில் ஒரு பங்கு நேரமே நிற்பது என இன்று அறிகிறோம். எத்தகடு அதற்கு ஈடுகொடுக்கும்? உடனொளிர்வுக்கும் கால அளவு உண்டு என்பதிற் பெக்கரல் கருத்து மெய்யாயிற்று. இரண்டும் ஒன்றே என்றது மட்டும் நிற்கவில்லை. அவை அணுத்திரளினுள் வெவ்வேறு வகையில் எழுவன எனப் பிற்கால இயற்பியல் தெளிவாக்கியது.

1960 இல் முதல் லேசர் ஒளி பிறந்தது அவர் ஆராய்ந்த மாணிக்கத்திலேயே. இன்று சுழலும் தகட்டின் இடத்தில் மிகக் குறுகிய லேசர்த் துடிப்புகள் பணிபுரிகின்றன. ஒரு துடிப்பு பொருளை ஒளிரச் செய்யும். மற்றொன்று சிறிது தாழ்த்து வந்து, ஒரு படிகத்தினுள் அவ்வொளியோடு கலக்கும். அது நிற்கும் கணத்தில் மட்டும் புதுநிறம் தோன்றும். அதுவே இங்குத் துளை. இரண்டாம் துடிப்பு செல்லும் வழியை மில்லிமீட்டரிற் பத்தில் மூன்று பங்கு நீட்டினால், அது நொடியில் இலட்சங்கோடியில் ஒரு பங்கு பொழுது பிந்தி வரும்.