காற்றுக்கு வழி வகுத்தவர்

குளிர்சாதனம் வாங்கச் செல்பவர்கள் முதலில் கேட்பது, எத்தனை டன் என்பதைத்தான். அடுத்துக் கேட்பது விலை. குளிர்ந்த காற்று எந்த வழியாக அறைக்கு வரும், எந்த வழியாகத் திரும்பிச் செல்லும் என்று கேட்பவர்கள் அரிதினும் அரிது. அந்தக் கேள்விகளை நூறாண்டுகளுக்கு முன்பே எழுப்பி, விடையும் கண்டவர் வில்லிஸ் கேரியர். குளிர்சாதனத்தின் தந்தை என்று உலகம் போற்றும் அவர், உண்மையில் குளிரைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர் என்பதே என்னை வியக்க வைக்கும் செய்தி.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், அங்கோலா என்ற சிற்றூரின் உழவர் குடும்பத்தில் 1876 நவம்பர் 26 அன்று பிறந்தார் கேரியர். உடன்பிறந்தவர் எவரும் இல்லை. பள்ளியில் பின்னக் கணக்கு புரியாமல் தவித்த மகனுக்கு, ஆப்பிள் பழங்களைப் பாதியாகவும் காலாகவும் அரைக்காலாகவும் நறுக்கிக் காட்டி விளக்கினார் அவருடைய தாய். கடிகாரத்தையும் தையல் இயந்திரத்தையும் தாமே பழுதுபார்க்கும் திறன் படைத்த அந்தத் தாய், மகனுக்குப் 11 வயதானபோது மறைந்தார். எந்தச் சிக்கலையும் கூறுகளாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் மகனிடம் கடைசிவரை தங்கிவிட்டது.

உதவித்தொகை பெற்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற கேரியர், 1901-இல் பட்டம் பெற்றதும், விசிறிகளும் வெப்பமூட்டும் கருவிகளும் தயாரித்த பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனத்தில் சேர்ந்தார். வாரச் சம்பளம் 10 டாலர். மறு ஆண்டே அவருக்கு ஒரு விசித்திரமான பணி வந்தது.

நியூயார்க் நகரின் புரூக்ளினில் இருந்த சாக்கெட் - வில்ஹெல்ம்ஸ் அச்சகத்தில் வண்ணப் பக்கங்கள் ஒவ்வொரு நிறமாகத் தனித்தனியே அச்சிடப்பட்டன. கோடைக்காலப் புழுக்கத்தில் தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும். காற்று உலர்ந்தால் சுருங்கும். ஒரு நிறத்தின் மேல் மற்றொரு நிறம் பொருந்தாமல் விலகிப்போகும். ஆகவே, அச்சகம் கேட்டது குளிரையன்று. மாறாத ஈரப்பதத்தைத்தான் கேட்டது.

காற்றைக் குளிர்வித்தால் அது தாங்கி நிற்கும் நீராவியின் அளவு குறையும். மிஞ்சிய ஈரம் நீராக வடிந்துவிடும். குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதனால்தான். வெப்பமூட்டும் சுருள்களில் நீராவிக்கு மாற்றாகக் குளிர்நீரைச் செலுத்தி, அவற்றின் ஊடே விசிறியால் காற்றைச் செலுத்தும் அமைப்பைக் கேரியர் வடிவமைத்தார். சுருளின் வெப்பநிலையையும் காற்றின் வேகத்தையும் ஒன்றோடொன்று பொருத்தி, 55 விழுக்காடு ஈரப்பதம் நிலைக்கும்படி கணக்கிட்டார். 1902 ஜூலை 17 என்று தேதியிட்ட அந்த வரைபடங்களே நவீனக் குளிர்சாதனத்தின் பிறப்புச் சான்றிதழ். அப்போது அவருக்கு வயது 25.

இன்று ஏர் ஹேண்ட்லர் என்று அழைக்கப்படும் வீட்டுக் கருவியைத் திறந்து பார்த்தால் என்ன இருக்கிறது? தூசு வடிகட்டி, குளிர்ச்சுருள், ஊதுவிசிறி, சுருளில் வடியும் நீரைத் தாங்கும் தட்டு. அதிலிருந்து பிரியும் காற்றுக் குழாய்கள். அந்த இளைஞரின் வரைபடத்திலிருந்து அடிப்படையில் இது வெகுதொலைவு விலகிவிடவில்லை.

ஆயினும், கேரியருக்கு மனநிறைவு ஏற்படவில்லை. அதே 1902-இன் இறுதியில், மூடுபனி சூழ்ந்த பிட்ஸ்பர்க் ரயில் நிலைய நடைமேடையில் காத்திருந்தபோது அவருக்கு ஒன்று புலப்பட்டது. குளிர்ந்த பனிமூட்டத்தில் காற்று முழுவதும் ஈரத்தால் நிறைந்திருந்தாலும், அதிலுள்ள நீரின் மொத்த அளவு குறைவே. எனில், வேண்டிய வெப்பநிலையில் நீரைத் தூவிச் செயற்கை மூடுபனியை உண்டாக்கி, அதன் வழியே காற்றைச் செலுத்தினால் காற்றின் ஈரத்தை விரும்பிய அளவில் நிறுத்தலாம். நீரைத் தூவிக் காற்றை உலர்த்துவது என்பது கேட்பதற்கு முரணாக இருக்கும். ஆனால், இயற்கையின் கணக்கு அதுதான். அந்தக் கருவிக்கு 1906 ஜனவரி 2 அன்று காப்புரிமை கிடைத்தது. காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் இணைக்கும் சூத்திரங்களை 1911-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் அவர் வெளியிட்டார். இன்றைய பொறியாளர்களும் அந்த அடித்தளத்தின் மீதே கணக்கிடுகிறார்கள்.

தாம் பணியாற்றிய நிறுவனம் இத்துறையிலிருந்து பின்வாங்க முற்பட்டபோது, ஆறு சக பொறியாளர்களுடன் 32,600 டாலர் திரட்டி, 1915-இல் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார் கேரியர். 1922-இல் மையவிலக்கு விசையில் இயங்கும் குளிர்விப்பு இயந்திரத்தை அறிமுகப்படுத்தினார். நச்சுத்தன்மை கொண்ட அம்மோனியாவைச் சார்ந்திராத அந்த இயந்திரத்தால், குளிர்சாதனம் தொழிற்சாலையைத் தாண்டி மக்கள் கூடும் இடங்களுக்கு வந்தது.

திரையரங்குகளில் நிகழ்ந்த மாற்றம்தான் என் கருத்தில் மிகப் பெரிய பாடம். அதற்கு முன் சில அரங்குகளில் குளிர்காற்று தரையிலிருந்து மேலெழும்படி விடப்பட்டது. கால்கள் விறைத்தன, மேல்மாடத்தில் இருந்தவர்களோ புழுங்கினர். இயந்திரத்தில் பழுதில்லை, காற்று சென்ற வழிதான் பிழை. குளிர்காற்று கனமானது, தானே கீழிறங்கும் என்பதை உணர்ந்து, கூரையிலிருந்து மெல்ல இறக்கி, இருக்கைகளுக்கு அடியில் திரும்ப எடுக்கும் முறையைக் கேரியர் குழுவினர் கையாண்டனர். 1925-இல் நியூயார்க்கின் ரிவோலி திரையரங்கில் அது அரங்கேறியது. வழக்கம்போல் கைவிசிறிகளுடன் வந்து அமர்ந்த கூட்டம், சற்று நேரத்தில் ஒவ்வொருவராக விசிறுவதை நிறுத்தியது. அதன்பின் கோடைக்காலம் திரையரங்குகளுக்கு வசூல் காலமாயிற்று.

1928-இல் வெதர்மேக்கர் என்ற பெயரில் வீடுகளுக்கான கருவியையும் அவருடைய நிறுவனம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் அந்தக் கனவை முடக்கியது. வானளாவிய கட்டடங்களில் பெரிய குழாய்கள் வாடகை இடத்தை விழுங்குவதைக் கண்ட கேரியர், 1930-களின் பிற்பகுதியில், சிறு குழாய்கள் வழியே அதிவேகமாகக் காற்றை அனுப்பும் முறையை உருவாக்கினார். வீட்டுக் குளிர்சாதனம் பரவலாகத் தொடங்கியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். அதன் முழு வளர்ச்சியைக் காணாமலே, 1950 அக்டோபர் 7 அன்று, 73-ஆம் வயதில் கேரியர் மறைந்தார்.

இந்த வாழ்க்கை நமக்குச் சொல்வது என்ன?

சென்னையில் உறவினர் ஒருவரின் அடுக்ககத்தில் பொய்க்கூரைக்கு மேல் ஏர் ஹேண்ட்லரும் குழாய்களும் பொருத்தப்பட்டிருந்தன. கடைசிப் படுக்கையறை மட்டும் குளிரவே இல்லை. இன்னும் பெரிய இயந்திரம் வாங்கும்படி விற்பனையாளர் பரிந்துரைத்தார். அனுபவமுள்ள தொழிலாளி ஒருவர் கூரைப் பலகையைக் கழற்றிப் பார்த்தபோது, வளையும் குழாய் உத்தரத்தில் நசுங்கிக் கிடந்தது. ஓர் இணைப்பு கழன்று, குளிர்காற்று முழுவதும் பொய்க்கூரைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. நான் அருகிலிருந்து கண்ட காட்சி இது. அரை நாள் வேலையில் குறை தீர்ந்தது. புதிய இயந்திரம் தேவைப்படவில்லை.

இது தனிப்பட்ட ஒருவரின் துயரம் அன்று. அமெரிக்க வீடுகளிலேயே, குழாய்களில் செல்லும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு வரை கசிவாலும் தவறான இணைப்பாலும் வீணாகிறது என்று அந்நாட்டு அரசின் எரிசக்திச் சிக்கனத் திட்டம் மதிப்பிடுகிறது. ஒரு டன் குளிர்விப்புக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று ஓட வேண்டும். வளைவுகள் மிகுந்தால் அது குறையும். கதவை மூடியதும் திரும்பும் காற்றுக்கு வழியில்லை என்றால், வரும் காற்றும் தடைப்படும். குழாயின் மேலுறை சரியில்லை என்றால், அதன் மீது நீர் அரும்பிக் கூரையில் பூஞ்சை படரும். வடிகுழாய்க்குச் சரிவில்லை என்றால் தட்டு நிரம்பி வழியும்.

அளவுக்கு மீறிய இயந்திரமும் தீங்கே. அது அறையை விரைவில் குளிர்வித்து நின்றுவிடும்; ஈரத்தை அகற்றப் போதிய நேரம் ஓடாது. கடற்கரை நகரங்களில் வாழும் நாம், குளிர்ந்தும் பிசுபிசுக்கும் அறைகளுக்குப் பழகிவிட்டோம். குளிர்ச்சி வேறு, ஈரப்பதம் வேறு என்று 1902-இலேயே அறிந்திருந்த மனிதரின் கருவியை, அவருடைய முதல் பாடத்தையே மறந்து நாம் வாங்குகிறோம்.

வெப்பம் ஆண்டுதோறும் கடுமையாகி வரும் காலத்தில் குளிர்சாதனம் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. அது விழுங்கும் மின்சாரத்தையும் மறந்துவிட முடியாது. ஆதலால், வீடு கட்டும்போதே குழாய்களின் வழியைத் திட்டமிட வேண்டும். கூரையை மூடுமுன் கசிவைச் சோதித்துக் காட்டும்படி ஒப்பந்தக்காரரிடம் கேட்க வேண்டும். ஒவ்வோர் அறையின் காற்றோட்டத்தையும் அளந்து எழுதித் தரச் சொல்ல வேண்டும். குழாய்களை முறையாகப் பொருத்தும் தொழிலாளருக்குப் பயிற்சியும் உரிய ஊதியமும் கிடைக்க வேண்டும். பொய்க்கூரை மூடியபின் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று விட்டுவிடும் வேலைக்கு, மாதந்தோறும் மின்கட்டணத்தில் நாம்தான் விலை கொடுக்கிறோம்.