காக்கா வலிப்பு: தஸ்தயேவ்ஸ்கியின் இரண்டு திருமணங்கள் சொல்லும் பாடம் என்ன?

'குற்றமும் தண்டனையும்' நாவலை எழுதிய ரஷ்ய எழுத்தாளர் ஃபியோதர் தஸ்தயேவ்ஸ்கியைத் தமிழ் வாசகர்களுக்கும் நல்லா தெரியும். ஆனா, சுமார் 30 ஆண்டுகள் அவர் வலிப்பு நோயோடுதான் வாழ்ந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

சிறையும் வலிப்பும்

1821ல் மாஸ்கோவில் ஒரு டாக்டரின் மகனாகப் பிறந்தவர். அரசுக்கு எதிரான குழுவில் இருந்ததாக 1849ல் கைதானார். சுட்டுக்கொல்ல மைதானம் வரை கொண்டுபோய் நிறுத்தி, கடைசி நேரத்தில் தண்டனையை மாற்றினார்கள். சைபீரியாவின் ஓம்ஸ்க் சிறையில் 4 ஆண்டுகள் கடும் உழைப்பு. அங்கே வலிப்பு கடுமையானது. அது வெறும் நரம்புக் கோளாறு, சரியாகிவிடும் என்றே டாக்டர்கள் சொல்லி வந்தனர்.

முதல் திருமணம்: தெரியாமல் போன உண்மை

1857ல் மரியாவைத் திருமணம் செய்தார். ஊர் திரும்பும் வழியிலேயே மனைவியின் கண்முன் பெரிய வலிப்பு வந்தது. மரியா பயந்து போனார். பரிசோதித்த டாக்டர், இது வலிப்பு நோய்தான் என்று உறுதியாகச் சொன்னார். முன்பே தெரிந்திருந்தால் கல்யாணமே செய்திருக்க மாட்டேன் என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு அவர் உடைந்து போனார். 1864ல் மரியா காசநோயால் இறந்தார்.

இரண்டாவது திருமணம்: முதல் நாளே சொன்னார்

1866ல் ஒரு நாவலை அவசரமாக முடிக்க, சுருக்கெழுத்து தெரிந்த 20 வயது அன்னாவை வேலைக்கு அழைத்தார். வந்த முதல் நாளே, தனக்கு வலிப்பு இருப்பதை மறைக்காமல் சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு, எல்லாம் தெரிந்தே அன்னா அவரை மணந்தார்.

திருமணமான சில நாட்களில், அன்னாவின் அக்கா வீட்டில் விருந்து. பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று அலறிச் சாய்ந்தார். அக்கா பயந்து அறையை விட்டே ஓடிவிட்டார். அன்னா ஓடவில்லை. விளக்கு இருந்த மேசையை நகர்த்தி, கணவரை மெதுவாகத் தரையில் இறக்கி, தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

மகனின் மரணம்

1878ல் இவர்களின் மகன் அல்யோஷா, 3 வயது நிறையும் முன்பே, மணிக்கணக்கில் நீண்ட வலிப்பில் இறந்தான். தன் நோய்தான் பிள்ளைக்கும் வந்தது என்று தஸ்தயேவ்ஸ்கி தன்னையே நொந்துகொண்டார். வலிப்பு உள்ளவர்களின் குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு அந்த நோய் வருவதில்லை என்பது இன்று தெரியும். அவருக்கு அதை எடுத்துச் சொல்ல அன்று யாரும் இல்லை. கடைசி நாவலான 'கரமசோவ் சகோதரர்க'ளின் நாயகனுக்கு மகனின் பெயரையே வைத்தார். 1881ல் மறைந்தார்.

இன்று நிலைமை என்ன?

உலகில் சுமார் 5 கோடி பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால், 70% பேர் வரை வலிப்பு வராமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பக்கத்தில் யாருக்காவது வலிப்பு வந்தால் என்ன செய்யணும்?

* இடிக்கக்கூடிய பொருட்களை நகர்த்துங்கள். தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள்.
* துடிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
* கை கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். வாயில் எதையும் வைக்க வேண்டாம்.
* சாவி, இரும்பு கொடுப்பதால் வலிப்பு நிற்காது.
* 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே 108க்கு போன் செய்யுங்கள்.
* நினைவு தெளியும் வரை கூடவே இருங்கள்.