மாஸ்க் போட மறுத்த சீனியர் டாக்டர், ஒரே வாரத்தில் மரணம்... என்95-க்கு வழிகாட்டிய வூ லியன் தே யார்?

காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பொத்தேரி ரயில் நிலையத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மின்சார ரயில் நின்றதும் நர்ஸுகள், லேப் டெக்னீசியன்கள், பயிற்சி டாக்டர்கள், துப்புரவுப் பணியாளர்கள் என ஒரு கூட்டமே இறங்கி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம் நடக்கும்.

கொரோனா போனதும் நம்மில் பலருக்கு மாஸ்க் மறந்தே போச்சு. ஆனா காசநோய் வார்டில் வேலை பார்ப்பவர்களுக்கு அது இன்றைக்கும் அன்றாடத் தேவை. காசநோய் காற்றில் பரவும். உலக காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில்தான் இருக்கிறார். பொத்தேரியிலிருந்து பீச் போகும் ரயிலில் தாம்பரத்துக்கு அடுத்து வரும் சானடோரியம் ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் வந்ததே, 1928-ல் டாக்டர் சவுரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால்தான்.

இந்த மாதிரி வார்டுகளில் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் போதாது, என்95 வேண்டும் என்கிறார்கள். ஏன்? காரணம் எளிது. ஆபரேஷன் தியேட்டர் மாஸ்க் பிறந்தது நோயாளிக்காக. டாக்டரின் வாயிலிருந்து கிருமி போய் காயத்தில் விழக்கூடாது என்று 1890-களின் கடைசியில் ஐரோப்பாவில் அதைக் கட்ட ஆரம்பித்தார்கள். டாக்டருக்கும் நர்ஸுக்கும் நோய் தொற்றாமல் இருக்க மாஸ்க் போடணும் என்பது அதன் தலைகீழ் யோசனை. அதை ஒரு பெரிய கொள்ளைநோயில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் மலேசியாவின் பினாங்கில் பிறந்த வூ லியன் தே.

பொற்கொல்லர் வீட்டுப் பையன்

1879 மார்ச் 10-ல் பிறந்தார். அப்பா சீனாவிலிருந்து பிழைப்புக்காக பினாங்கு வந்த பொற்கொல்லர். உள்ளூர் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்த பையன், ராணி உதவித்தொகை வாங்கி 1896-ல் இங்கிலாந்து போனார். கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்த முதல் சீன வம்சாவளி மாணவர் இவர்தான். லிவர்பூல், ஜெர்மனி, பாரிஸ் என ஆய்வுக்கூடங்களில் கிருமியியல் கற்றுக்கொண்டு 1903-ல் ஊர் திரும்பினார்.

பிறகு பினாங்கிலேயே கிளினிக். அபினுக்கு எதிராகத் தீவிரமாகப் பிரசாரம் செய்தார். அந்த வியாபாரத்தில் பெரும் பணக்காரர்களுக்குப் பங்கு இருந்த காலம் அது. 1907-ல் இவரது மருந்தகத்தில் சோதனை நடந்தது. மருந்துக்காக வைத்திருந்த கொஞ்சம் அபின் டிஞ்சருக்காக வழக்குப் போட்டு அபராதமும் விதித்தார்கள். மனம் வெறுத்துப்போன நேரத்தில்தான் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. 1908-ல் தியான்ஜின் நகரின் ராணுவ மருத்துவக் கல்லூரிக்குத் துணை இயக்குநராகப் போனார். இதில் ஒரு வேடிக்கை, ஆங்கிலத்தில் வளர்ந்தவர் என்பதால் அவருக்குச் சீன மொழி சரியாகப் பேச வராது.

யாரும் போக விரும்பாத ஊர்

1910-ன் கடைசியில் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் மர்மக் காய்ச்சல். இருமலில் ரத்தம், ஓரிரு நாளில் மரணம். பிழைத்தவர் என்று கிட்டத்தட்ட யாருமே இல்லை. மர்மோட் என்ற அணில் இன விலங்கைத் தோலுக்காக வேட்டையாடிய தொழிலாளர்களிடம் ஆரம்பித்து, ரயில் ஏறி ஊர் ஊராகப் போனது நோய்.

அங்கே போகச்சொல்லி அரசு முதலில் கேட்டது ஒரு கடற்படை டாக்டரை. எனக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்கு இழப்பீடு வேண்டும் என்று அவர் கேட்டார். கிடைக்காததால் போகவில்லை. அவரைக் கோழை என்று சொல்லிவிடலாம்தான். ஆனா 2020-ல் கொரோனா வார்டில் உயிரிழக்கும் சுகாதாரப் பணியாளரின் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு என்று மத்திய அரசு அறிவித்ததே, அவர் கேட்டதும் அதைத்தானே? 110 வருஷம் முன்பே கேட்டுவிட்டார், அவ்வளவுதான்.

அடுத்த அழைப்பு வூவுக்கு. 31 வயது. ஒரு மாணவரை உதவிக்குக் கூட்டிக்கொண்டு 1910 டிசம்பர் 24-ல் ஹார்பின் நகரில் இறங்கினார். உறைய வைக்கும் குளிர்.

மூன்றாவது நாளே, இறந்துபோன ஒரு பெண்ணின் உடலை ரகசியமாகப் பிரேதப் பரிசோதனை செய்தார். உடலை அறுப்பது அன்றைய சீனாவில் பெரும் குற்றமாகப் பார்க்கப்பட்டதால் வேறு வழி இல்லை. மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது பிளேக் கிருமி.

ஆனா எல்லாரும் அறிந்த பிளேக் இல்லை இது. 1896-ல் பம்பாயில் தொடங்கி இந்தியாவை உலுக்கிய பிளேக், எலி மீதுள்ள தெள்ளுப்பூச்சி கடித்துப் பரவியது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறிகட்டும். அதனால ஹார்பினிலும் டாக்டர்கள் எலியைத் தேடினார்கள். ஒரு ஜப்பானிய நிபுணர் நூற்றுக்கணக்கான எலிகளை அறுத்துப் பார்த்தும் கிருமி கிடைக்கவில்லை. எலி வேண்டாம், இது நுரையீரல் பிளேக், மனிதர் இருமினால் பக்கத்தில் இருப்பவருக்குக் காற்றிலேயே வரும் என்றார் வூ. எலியைப் பிடிப்பதைவிட நோயாளி பக்கத்தில் நிற்பவரின் மூக்கை மூடுவது முக்கியம் என்று அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை.

அவர் வடிவமைத்த மாஸ்க்கில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் கிடையாது. சுமார் மூன்றடி நீள காஸ் துணி. நடுவில் பஞ்சுப் பட்டை. இரண்டு முனைகளையும் கிழித்து நாடாவாக்கி, காதுக்கு மேலும் கீழும் இழுத்துத் தலைக்குப் பின்னால் இறுக்கிக் கட்ட வேண்டும். எந்த ஊரிலும் மலிவாகத் தயாரிக்கலாம். மூக்குக்கும் கன்னத்துக்கும் இடையே இடைவெளி விடாமல் கட்டணும் என்பதுதான் முக்கியம்.

மெஸ்னிக்கு நடந்தது

அப்போது உதவிக்கு வந்தார் ஜெரால்ட் மெஸ்னி. பிரெஞ்சு டாக்டர், வயதிலும் பதவியிலும் மூத்தவர், பிளேக் அனுபவமும் உண்டு. வூவின் விளக்கத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு சீனன் தனக்குப் பாடம் எடுப்பதா என்ற இளக்காரத்தோடு திட்டித்தீர்த்தார். வூ மனம் நொந்து, தன்னை விடுவித்துவிடுங்கள் என்று மேலிடத்துக்குத் தந்தி அடிக்கும் அளவுக்குப் போனது. மேலிடம் வூவின் பக்கம் நின்றது.

மெஸ்னி கேட்கவில்லை. ரஷ்ய மருத்துவமனைக்குப் போய் மாஸ்க் இல்லாமலேயே பிளேக் நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாளில் காய்ச்சல், இருமல். 1911 ஜனவரி 11-ல் இறந்தார்.

அதற்குப் பிறகு ஹார்பினில் மாஸ்க் இல்லாத ஆளைப் பார்ப்பது அபூர்வமாகிவிட்டது. டாக்டர், நர்ஸ், ஆம்புலன்ஸ் தூக்குபவர், பிணம் புதைப்பவர், போலீஸ், தெருவில் போகும் பொதுமக்கள் எல்லாரும் கட்டிக்கொண்டார்கள். ஒரு ஜூனியர் சொன்ன பாதுகாப்பு விதியை ஏற்க ஒரு சீனியரின் உயிர் போகவேண்டி இருந்தது. இன்றைக்கும் வார்டில் ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டரிடம், சார் மாஸ்க் என்று ஒரு பயிற்சி நர்ஸால் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

மாஸ்க் மட்டும் போதவில்லை என்பதையும் சொல்லியாகணும். முக்டென் நகர ரயில் நிலையத்தில் தொழிலாளர்களைப் பரிசோதித்த இளம் டாக்டர் ஆர்தர் ஜாக்சன், மாஸ்க், அங்கி எல்லாம் அணிந்துதான் வேலை பார்த்தார். 26 வயதில், ஜனவரி 25-ல் அவரும் பிளேக்குக்குப் பலியானார். வூவின் கீழ் வேலை செய்தவர்களிலும் பலர் இறந்தார்கள். அவர்களில் ஆம்புலன்ஸ் ஊழியர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் இருந்தார்கள். வரலாற்றில் இடம்பிடித்த பெயர்களில் அவர்களுடையவை இல்லை.

அதனால வூ மற்ற வழிகளையும் கையில் எடுத்தார். நகரைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். ரயில் பெட்டிகளையே தனிமைப்படுத்தும் அறைகளாக்கினார். ராணுவத்தை வைத்துப் போக்குவரத்தை நிறுத்தினார். மிச்சம் இருந்தது பிணங்கள். தரை உறைந்து கிடந்ததால் தோண்ட முடியாமல் 2,000-க்கும் அதிகமான உடல்கள் வெட்டவெளியில் கிடந்தன. எரிப்பது அங்கே மரபுக்கு விரோதம். பேரரசரின் அனுமதி வாங்கி, ஜனவரி 31-ல் தீ மூட்டினார்கள். மார்ச் 1-க்குப் பிறகு ஹார்பினில் புதிய நோயாளி இல்லை. மஞ்சூரியா முழுக்க சுமார் 60,000 பேர் இறந்திருந்தார்கள்.

ஏப்ரலில் 11 நாடுகளின் நிபுணர்கள் முக்டெனில் கூடினார்கள். தலைமை தாங்கியவர் வூ. 1935-ல் மருத்துவ நோபல் பரிசுக்கும் இவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை.

என்95 எங்கே வந்தது?

காஸ் துணியிலிருந்து நேராக என்95 வந்துவிடவில்லை. நடுவில் சுரங்கத் தொழிலாளர்களுக்கான தூசி மாஸ்க் ஒரு தனிக்கதை. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவமனைகளில், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் நோயாளிகளிடமிருந்து ஊழியர்களுக்கும் தொற்றி உயிர்கள் போன பிறகுதான் வடிகட்டும் மாஸ்க் அங்கே விதியானது. 1995-ல் வந்த தரப்பிரிவின் பெயர்தான் என்95. மிகச் சிறிய துகள்களில் 95 சதவீதத்தையாவது அது தடுக்கணும். எண்ணெய்த் துகளுக்கு ஏற்றதல்ல என்பதைக் குறிப்பது அந்த என்.

அந்த 95 சதவீதமும் முகத்தில் ஒட்டி உட்கார்ந்தால்தான். போட்டதும் இரண்டு கையாலும் மூடிக்கொண்டு ஊதிப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் மூக்குப் பட்டையை மறுபடி அழுத்தணும். தாடி இருந்தால் சரியாக ஒட்டாது. அதோடு வார்டில் ஜன்னல் திறந்திருப்பதும் முக்கியம். ஏசி போட்டு எல்லாவற்றையும் மூடிய அறையில் அதே காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும்.

1937-ல் ஜப்பான் சீனா மீது போர் தொடுத்தபோது ஷாங்காயில் வூவின் வீடு குண்டுவீச்சில் போனது. மலேயா திரும்பி, ஈப்போ நகரில் கிளினிக் திறந்தார். ஒருகாலத்தில் ஒரு நாட்டின் கொள்ளைநோய்த் தடுப்புக்கே தலைமை தாங்கியவர், கடைசிவரை சாதாரண ஊர் டாக்டராக நோயாளி பார்த்தார். 1959-ல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி முடித்து, அடுத்த ஆண்டு ஜனவரி 21-ல், பிறந்த ஊரான பினாங்கில் 80 வயதில் காலமானார்.