ஹெர்ட்ஸ் என்பது ஒருவரின் பெயர்!

எஃப்.எம். ரேடியோவில் மெகாஹெர்ட்ஸ் என்று சொல்றாங்களே, அந்த ஹெர்ட்ஸ் ஒரு மனிதரின் பெயர் என்று உங்களுக்குத் தெரியுமா?

ஹென்ரிக் ஹெர்ட்ஸ் 22.2.1857-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் பிறந்தார். அப்பா வக்கீல். இவரோ சின்ன வயசிலேயே தச்சு வேலையும் கடைசல் வேலையும் கத்துக்கிட்டார். முதலில் இன்ஜினியரிங் சேர்ந்தார். ஆனால் மனசு இயற்பியலில்தான் இருந்தது. அதற்கே மாறி, பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற பெரிய விஞ்ஞானியிடம் படித்து 1880-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

மின்காந்த அலை உண்டு, அது ஒளியின் வேகத்தில் போகும் என்று மாக்ஸ்வெல் முன்பே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். யாரும் செய்து காட்டவில்லை. மாக்ஸ்வெல்லும் 1879-ல் இறந்துவிட்டார்.

கார்ல்ஸ்ரூ என்ற ஊரில் பேராசிரியராக இருந்த ஹெர்ட்ஸ் அதைச் செய்து காட்டினார். ஒரு பக்கம் இரண்டு உலோகக் குண்டுகளுக்கு நடுவே மின்பொறி பறக்க விட்டார். தள்ளி ஒரு கம்பி வளையம். அதில் மயிரிழை போல ஓர் இடைவெளி. நடுவில் ஒயரே கிடையாது. ஆனாலும் வளையத்தில் குட்டிப் பொறி வந்தது! ரொம்பச் சின்னப் பொறி என்பதால் இருட்டில்தான் தெரியும். அலை துத்தநாகத் தகட்டில் பட்டுத் திரும்பியது. கெட்டித் தாரில் செய்த பெரிய முப்பட்டகத்தில் ஒளி மாதிரியே வளைந்தது. இதெல்லாம் 1887, 1888-ல் நடந்தது.

அவர் உண்டாக்கிய ஓர் அலையின் நீளம் சுமார் 66 செ.மீ., அதாவது நம்ம ஸ்கேல் இரண்டைவிடக் கொஞ்சம் அதிகம். இதைத்தான் இன்று யு.எச்.எஃப். (300 முதல் 3000 மெகாஹெர்ட்ஸ்) என்கிறோம். அதற்குக் கீழே 30 முதல் 300 வரை வி.எச்.எஃப். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரர்கள் இந்த இரண்டிலும் பேசுகிறார்கள். இந்தியாவில் 144, 434 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசலாம். இந்த அலைகள் பெரும்பாலும் நேராகவே போகும், மலை மறைத்தால் நின்றுவிடும். அதனால் உயரமான இடத்தில் ரிப்பீட்டர் வைத்து வாங்கி அனுப்புவார்கள். புயலில் செல்போன் டவர் வேலை செய்யாதபோது, கையில் அடங்கும் ஒரு செட்டே உயிரைக் காப்பாற்ற உதவும்.

இதில் எதையும் ஹெர்ட்ஸ் பார்க்கவில்லை. தன் அலைகளால் உபயோகம் இருக்கும் என்றுகூட அவர் நினைக்கவில்லை. 1892-ல் நோய் வந்தது. பலமுறை ஆபரேஷன் செய்தும் பயனில்லை. 1.1.1894-ல் பான் நகரில் இறந்தார். வயது 36தான். இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். அடுத்த வருஷமே, அவருடைய சோதனைகளைப் படித்த மார்க்கோனி கம்பியில்லாமல் செய்தி அனுப்பத் தொடங்கினார். 1960-ல் ஹெர்ட்ஸ் என்ற பெயர் அனைத்துலக அலகு முறையில் சேர்ந்தது.

இதைப் படிச்சு என்ன பிரயோஜனம் என்று நாமும் அடிக்கடி கேட்கிறோம். பிரயோஜனம் தெரியாமலே, உண்மை தெரியணும் என்று இருட்டில் உட்கார்ந்து பார்த்தார் ஒருவர். அதனால்தான் இன்று நம்ம வீட்டு ரேடியோ பாடுது.

– 9-ஆம் வகுப்பு மாணவி