பனியைத் தாங்கிய மலர்கள்
இசபெல்லா பிரெஸ்ரன் அம்மையாரின் வாழ்க்கை (1881–1965)

ரொறன்ரோவில் எமது மக்களின் கல்யாண மண்டபங்களிலும் கோவில்களிலும் மரணச் சடங்குகளிலும் ரோசா இல்லாத இடமில்லை. அந்த ரோசாக்களிற் பெரும்பகுதி ஈக்குவடோர், கொலம்பியா போன்ற நாடுகளிலிருந்து விமானத்தில் வந்திறங்குபவை. வெட்டி விற்கப்படும் பூவுக்கென்றே அவை உருவாக்கப்பட்டவை. தண்டு நீண்டு நேராக நிற்க வேண்டும். ஒரு தண்டில் ஒரு மொட்டே இருக்க வேண்டும். அது மெல்ல விரிய வேண்டும். பெட்டிக்குள் அடைபட்டுக் கடல் தாண்டி வந்த பின்னரும் குவளை நீரில் பல நாட்கள் வாடாதிருக்க வேண்டும். இக்குணங்களைத் தேடித் தேடித் தெரிந்தெடுத்ததில் வாசம் பெரும்பாலும் தொலைந்து போயிற்று. பூவை வாங்கியதும் முதலில் முகர்ந்து பார்க்கும் எமது தாய்மார் ஏமாற்றத்துடன் அதைக் கீழே வைப்பதை நாம் பல தடவை கண்டிருக்கிறோம்.

ஒரு காலத்தில் இம்மாகாணமே பூ ஏற்றுமதி செய்தது என்பதைப் பலர் அறியார். இன்று எமது குடும்பங்கள் பல வாழும் பிரம்ரன் நகரில், 1863 இல் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய எட்வேர்ட் டேல் என்பவர் காய்கறித் தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். அவருடைய மகன் ஹரி, கண்ணாடி வீடுகளில் ரோசா வளர்க்கத் தலைப்பட்டார். அந்நிறுவனம் வளர்ந்து பிரம்ரனுக்குக் கனடாவின் பூ நகரம் என்ற பெயரைத் தேடிக் கொடுத்தது. ஆனால், அந்த ரோசாக்கள் யாவும் கண்ணாடிக் கூரையின் கீழ், நிலக்கரி எரித்த வெப்பத்தில் வாழ்ந்தவை. வெளியே கொண்டுவந்து நட்டால் ஒரு மாரிக்கும் தாங்கமாட்டா.

கூரையில்லாமல், இந்நாட்டின் திறந்த வெளியில், உறைபனிக்குள் நின்று அடுத்த கோடையிற் பூக்கும் மலர்களை உண்டாக்க முடியுமா? அந்த வினாவுக்குத் தம் வாழ்வின் பெரும்பகுதியைக் கொடுத்த பெண்மணிதான் இசபெல்லா பிரெஸ்ரன். கனடாவில் தாவர இனக்கலப்பைத் தொழிலாகக் கொண்ட முதற் பெண்மணி இவரே என்பர். இவரும் எம்மைப் போலப் பிற நாட்டிலிருந்து வந்தவர்.

வந்தவரின் முதல் வேலை

பிரெஸ்ரன் அம்மையார் 1881 இல் இங்கிலாந்தின் லங்காஸ்ரர் நகரிற் பிறந்தார். சிறு வயது முதலே தோட்ட வேலையிற் பழகியவர். சுவான்லி என்னுமிடத்தில் இருந்த பெண்களுக்கான தோட்டக்கலைக் கல்லூரியில் மிகக் குறுகிய காலம் பயின்றார். முறையான படிப்பு என்று அவர் கொண்டுவந்தது அவ்வளவே.

1912 இல் அவருடைய சகோதரிக்கு ஒன்ராறியோ மாகாணத்தின் குவெல்ஃப் நகரில் சங்கீத ஆசிரியை வேலை கிடைத்தது. அவருடன் இசபெல்லாவும் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது முப்பதளவில் இருக்கும். புதிய நாட்டில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை பழத்தோட்டத்திற் பழம் பறிப்பது.

இவ்விடத்தில் எம் வாசகர் பலர் தம்மை நினைத்துக்கொள்வர். முன்னொரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்திய நாம், இந்நகருக்கு வந்த முதற் குளிர்காலத்தில் ஓர் உணவகத்தின் பின்கட்டிற் கோப்பை கழுவினோம். கணக்காளர், ஆசிரியர், தபாலதிபர் எனப் பலர் அருகே நின்று கழுவினார்கள். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைத்தலாகாது. அம்மையார் தாமாக விரும்பி வந்தவர்; இந்நாட்டு ஆட்சியாளரின் மொழியே அவருடைய தாய்மொழி; தஞ்சக் கோரிக்கைக்கு விடை வருமா என்று தபாற்பெட்டியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டிய நிலை அவருக்கு இருக்கவில்லை. எனினும், கீழ்ப்படியில் இருந்து தொடங்குவது எப்படிப்பட்டது என்பதை அவர் அறிந்திருந்தார்.

குவெல்ஃபில் இருந்த ஒன்ராறியோ விவசாயக் கல்லூரியில் அவர் சேர்ந்தார். வகுப்பறையில் நீண்ட காலம் இருக்கவில்லை. பேராசிரியர் குரோ என்பவரின் கீழ், கையால் வேலை செய்தே இனக்கலப்பைக் கற்றார்.

தூரிகையும் பொறுமையும்

அவ்வேலை எத்தகையது என்பதைச் சிறிது விளக்குதல் தகும். தாயாகத் தெரிந்தெடுத்த பூ விரிவதற்கு முன்னரே அதன் மகரந்தக் கேசரங்களை நுண்ணிய இடுக்கியால் அகற்றிவிட வேண்டும். இல்லையேல் அது தன் மகரந்தத்தையே ஏற்றுவிடும். பின்னர் வண்டுகளும் தேனீக்களும் அணுகாதபடி ஒரு பையால் மூடி, உரிய வேளையில் தந்தையாகக் கொண்ட பூவின் மகரந்தத்தைத் தூரிகையாற் தடவி, இரண்டின் பெயரையும் எழுதித் துண்டு கட்டித் தொங்கவிட வேண்டும். ரோசாவானால் காய் முற்றுவதற்கே மாதங்கள் செல்லும். விதை முளைப்பதற்கு முன் ஈரமும் குளிரும் கலந்த ஓர் உறக்கத்தில் கிடக்க வேண்டும். முளைத்த கன்றுகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. காட்டு ரோசாவின் வழிவந்த கன்று முதற் பூவைக் காட்ட இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். பூத்த பின்னர் பெரும்பாலானவற்றைப் பிடுங்கி எறிய வேண்டியிருக்கும். எஞ்சிய நல்ல ஒன்றையும் விதையாற் பெருக்க முடியாது. ஒட்டியோ பதியம் வைத்தோதான் பெருக்கலாம். பல்லாண்டு உழைத்து ஒரு புதிய பூவைக் காண்பவர் பாக்கியசாலி.

அம்மையார் அத்தகைய பாக்கியசாலியாக விளங்கினார். 1916 இல் சீனாவின் மேற்கு மலைகளுக்குரிய இரண்டு காட்டு லில்லி இனங்களை அவர் கலந்தார். அவற்றுள் ஒன்றின் கிழங்குகளைச் சேகரிக்கச் சென்ற எர்னஸ்ற் வில்சன் என்னும் தாவர ஆய்வாளர், 1910 இல் மலைச்சரிவிற் சிக்கிக் காலொடிந்து, வாழ்நாள் முழுவதும் நொண்டியவர். இக்கலப்பிற் பிறந்த உயரமான வெண்ணிற லில்லிக்குக் கல்லூரித் தலைவரான ஜோர்ஜ் கிரீல்மனின் பெயரை அம்மையார் இட்டார். அந்த ஒரு பூவே அவருடைய பெயரை நாடறியச் செய்தது.

நாட்கூலியாக ஒட்டாவாவில்

1920 இல் அவர் தலைநகர் ஒட்டாவாவுக்குச் சென்று மத்திய பரிசோதனைப் பண்ணையில் சேர்ந்தார். புதிய லில்லியை உருவாக்கிய அவருக்கு, நாற்பதை நெருங்கிய வயதில், அங்கு முதலில் கிடைத்தது நாட்கூலி வேலையே. பின்னரே அலங்காரத் தாவரங்களுக்குப் பொறுப்பான நிபுணராக அவர் ஏற்றுக்கொள்ளப்பட்டார். பண்ணையின் தோட்டக்கலைத் தலைவர் மக்கூன், ரோசா, லில்லி, லைலக், ஐரிஸ், காட்டு அப்பிள் ஆகியவற்றை அவரிடம் ஒப்படைத்தார். ஒட்டாவாவின் மாரியோ பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகை வரை இறங்கக்கூடியது.

ரோசாவில் அவர் கண்ட இடர் இதுதான். மாதந்தோறும் பூக்கும் அழகிய தோட்ட ரோசாக்களின் உடலிற் சீனாவின் வெப்பமான பகுதிகளின் இரத்தம் ஓடுகிறது. உறைபனி வந்ததும் அவற்றின் கிளைகள் மடிந்துவிடும். குளிரைத் தாங்குபவை காட்டு இனங்களே. யப்பான், கொரியா ஆகிய நாடுகளின் கடற்கரைகளில் உப்புக் காற்றிலும் உறைபனியிலும் வளரும் ருகோசா என்னும் முள்நிறைந்த ரோசாவை, ஐரோப்பிய மலைகளின் நீலம் பாய்ந்த இலைகளையுடைய இன்னொரு காட்டு ரோசாவுடன் அவர் கலந்தார். 1923 இல் வெளிவந்த கார்மனெற்றா அவ்வாறு பிறந்தது. குவளையில் வைப்பதற்கு அது உகந்ததன்று. ஆனால் பனியிற் புதையுண்ட பின்னரும் உயிருடன் எழுந்தது.

அதனிலும் பெரிய வெற்றி லைலக்கிற் கிட்டியது. 1920 இலேயே சீனக் காட்டு இனங்கள் இரண்டை அவர் கலந்திருந்தார். பிறந்த கன்றுகள் கடுங்குளிரைத் தாங்கின. வழமையான லைலக் பூத்து ஓய்ந்த பின்னர், ஏறத்தாழ இரண்டு வாரம் பிந்திப் பூத்ததால் வசந்தத்தின் பிந்திய உறைபனிக்கும் தப்பின. தாவரவியலாளர் அக்கலப்பினத்துக்கு அம்மையாரின் பெயரையே சூட்டினர். அதனைக் கனடிய லைலக் என்று சொல்வாரும் உண்டு. பெற்றோர் இருவரும் சீனர், சேர்த்து வைத்தவர் ஆங்கிலேயர், பிள்ளை கனடியன்! வந்தேறிகளைப் பற்றி அடிக்கடி வாக்குவாதம் எழும் ஒரு நாட்டில் இது சிந்திக்கத்தக்கது.

பெயர்களின் கதை

அம்மையார் உருவாக்கிய கலப்பினங்கள் ஏறத்தாழ இருநூறு. லைலக்குகளுக்குச் சேக்ஸ்பியரின் நாடகப் பெண்களின் பெயர்களையும் காட்டு அப்பிள்களுக்குக் கனடாவின் ஏரிப் பெயர்களையும் ஐரிஸ் பூக்களுக்கு ஆற்றுப் பெயர்களையும் வைத்தார். ஒரு தொகுதி லில்லிகளுக்குப் பண்ணையின் அலுவலகத்திற் சுருக்கெழுத்துத் தட்டச்சாளராக இருந்த பெண்களின் பெயர்களை இட்டார். அமைச்சரையும் அதிகாரியையும் தேடாமல், பக்கத்து மேசையில் இருந்தவரை நினைத்த மனம் அது. வெட்டுப்பூவாக இன்று கடைகளில் விற்கப்படும் ஆசிய லில்லிக் கலப்பினங்களின் முன்னோடிகளுள் இத்தொகுதியும் எண்ணப்படுகிறது.

ஆனால் இப்பெயர்களிற் சில எம் மனத்தை உறுத்துகின்றன. பல ரோசாக்களுக்கு அல்கொங்குவின், ஹியூரன், இரோக்குவா, கிறீ என இந்நாட்டின் ஆதிக்குடிகளின் பெயர்களை அவர் வைத்தார். அம்மக்களின் நிலம் பறிக்கப்பட்டு, அவர்களுடைய பிள்ளைகள் வதிவிடப் பாடசாலைகளில் அடைக்கப்பட்டுத் தாய்மொழி பேசத் தடுக்கப்பட்ட காலம் அது. அம்மையார் மரியாதையாக எண்ணியே பெயரிட்டிருக்கலாம். எனினும் ஒரு மக்களின் பெயர் பூவுக்குக் கிடைத்துவிட்டால் அவர்களுக்கு நீதி கிடைத்ததாகாது. தம் ஊர்ப் பெயர்கள் மாற்றப்படுவதைக் கண்டு வந்த நாம் இதைச் சொல்லாமற் கடந்துபோக முடியாது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இன்னொரு லில்லித் தொகுதிக்குப் போர்விமானங்களின் பெயர்களை இட்டார். ஸ்பிற்பயர் அவற்றுள் ஒன்று. நாசிகளின் குண்டுகளிலிருந்து தம் பிறந்தகத்தைக் காத்த விமானங்கள் அவை. அவருக்கு அவை நம்பிக்கையின் சின்னங்கள். விமானச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடிய எம்மவர்க்கு அப்பெயர்களைப் படிக்கையில் வேறொன்று நினைவுக்கு வரும். ஒரே சொல் கேட்போரின் வரலாற்றுக்கு ஏற்பப் பூவாகவும் குண்டாகவும் மாறிவிடுகிறது.

இறுதிக் காலம்

லில்லி பற்றி 1929 இல் நூல் ஒன்றை எழுதிய அம்மையாருக்கு, பிரித்தானிய அரச தோட்டக்கலைச் சங்கத்தின் வீச் நினைவுப் பதக்கமும் கிடைத்தது. 1946 இல் ஓய்வு பெற்று, ரொறன்ரோவுக்கு மேற்கேயுள்ள ஜோர்ஜ்ரவுண் என்னும் சிற்றூரிற் குடியேறி, தம் சொந்தத் தோட்டத்தைப் பேணி வந்தார். 1965 இல் மறைந்தார்.

அவர் விட்ட பணி ஒட்டாவாவில் தொடர்ந்தது. வியன்னாவிற் பிறந்து 1953 இல் கனடாவுக்கு வந்த பெலிசிற்றாஸ் ஸ்வெய்டா அம்மையார், 1961 முதல் அதே பண்ணையிற் குளிர் தாங்கும் ரோசாக்களை உருவாக்கத் தொடங்கினார். நாடுகாண் பயணிகளின் பெயர்களைச் சுமந்த அந்த ரோசாக்கள் இன்று கனடாவெங்கும் வீட்டு முற்றங்களிற் பூக்கின்றன. பிரெஸ்ரன் அம்மையாரின் ரோசாக்களுள் மிகச் சிலவே இன்று தோட்டங்களில் காணப்படுகின்றன. அவருடைய லைலக்குகள் நிலைத்து நிற்கின்றன.

எமது வீடுகளில் மல்லிகைச் செடி பூச்சாடியில் நிற்கிறது. ஐப்பசி பிறந்ததும் அதையும் கறிவேப்பிலையையும் உள்ளே தூக்கி வைக்கிறோம். சூடாக்கியின் அருகே காத்து, சித்திரை கழிந்து வெளியே எடுக்கிறோம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எமது மொழியை எண்ணுகிறோம். வீட்டுக்குள் மட்டும் காக்கப்படும் மொழி, காப்பவர் இருக்கும்வரைதான் இருக்கும். பிள்ளைகள் வெளியே, தம் தோழருடனும் தம் வேலையிலும் அதைக் கொண்டு செல்லும் நாளிலேதான் அது இம்மண்ணில் வேர்விட்டது என்று சொல்லலாம். அப்படி வேர்விடும் தமிழ் நாம் கொண்டுவந்த தமிழை அச்சொட்டாக ஒத்திராது. அதைக் கண்டு பெற்றோர் கலங்குகின்றனர், நாமும் கலங்கியதுண்டு. இரண்டு பெற்றோரில் ஒருவரிடம் நிறத்தையும் வாசத்தையும், மற்றவரிடம் உறுதியையும் பெற்றால்தான் கன்று தப்பும் என்பதை அம்மையாரின் வாழ்க்கை எமக்குச் சொல்கிறது. வெட்டுப்பூவுக்காக வாசத்தைக் கைவிட்டவர்களின் கதையையும் நாம் மறத்தலாகாது.

ஒன்றை மட்டும் அம்மையாரிடம் நாம் கற்கக்கூடாது. அவர் தேறாத கன்றுகளைப் பிடுங்கி எறிந்தார். எம் பிள்ளைகளுள் எறிதற்குரியவர் எவருமில்லை.

ஹமில்ரனுக்கு அருகேயுள்ள அரச தாவரவியற் பூங்கா அம்மையாரின் எழுத்தாவணங்களைப் பேணி வருகிறது. ஊர் லைலக்குகள் ஓய்ந்த பின், ஆனி மாதத் தொடக்கத்தில், பிரெஸ்ரன் லைலக்குகள் பூக்கும். விடுமுறை நாளொன்றிற் பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்று இக்கதையை அவர்களுக்குத் தமிழிற் சொல்லுங்கள்.